ஆத்தாயியை உன்னிடம் அனுப்புகிறேன்

புதுச்சத்திரம்,
பிரமோதூத வருஷம், மாசி மாதம்.

சிரஞ்சீவி மயில்சாமிக்கு அப்பா பெரியசாமி எழுதிக்கொண்டது. பம்பாயில் நீயும் கண்ணாத்தாளும், அவள் வயிற்றில் இருக்கிற உயிரும், கபிலர்மலை முருகன் காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இவ்விடம் நான், அம்மா, உன் தங்கை ஆத்தாயி மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், தறியில் உட்காருகிறோம். அதற்குப் பெயர்தான் சௌக்கியம் என்றால் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. உன் எழுத்து இன்னும் கோழி சீய்த்த மாதிரிதான் இருக்கிறது, மில்லில் இத்தனை வருஷம் மெஷினோடு பழகியும் கை நேராகவில்லை. தந்தி கிடைத்தும் வர முடியாமல் போனது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். ஒரு தரம் எழுதியிருந்தால் போதும் சாமி. நீ அன்றைக்கே ரயிலேறியிருந்தாலும் அக்கா செல்லாயி முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய், பிள்ளைத்தாய்ச்சியைத் தெரியாத ஊரில் தனியாக விட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் நானே உன்னைத் திட்டியிருப்பேன். அம்மா அந்தக் கடிதத்தை ஆத்தாயியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், மறுநாளும் கேட்டாள், செல்லாயி பெயர் வருகிற இடத்தில் மட்டும் போதும் நிறுத்து என்று எழுந்து போய்விட்டாள். நான் முழுவதும் கேட்டேன். அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், அழுதேன்.

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். கார்த்திகை கடைசியில் உன் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது என்பது உனக்குத் தெரியும். தலைப்பிரசவம் நம் வீட்டில் பார்த்தோம், இரண்டாவதுக்கும் இங்கே வா என்றுதான் அம்மா சொல்லியனுப்பினாள், அவள்தான், பொங்கலுக்குச் சரக்கு முடித்துக் கொடுக்க வேண்டும், நான் வந்துவிட்டால் தறிக்கு நூல் தார் சுற்ற ஆளில்லை என்று புருஷன் ஊர் எருமப்பட்டியிலேயே இருந்துவிட்டாள். குழந்தை நன்றாகப் பிறந்தது. அவளும் நன்றாகத்தான் இருந்தாள். தீட்டுக் கழித்துத் தலைக்கு ஊற்றிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டுத் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற நாள். அந்த ஊர்ப் பாவடி உனக்குத் தெரியுமே, ஏரிக்கரைக்குக் கீழே வெட்டவெளி, மார்கழி விடியற்காலையில் அங்கே நின்றால் எலும்புக்குள் பனி இறங்கும். பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு வெயில் ஏறுவதற்குள் காயவைத்தாக வேண்டும், ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையா அது. நாம் அடுத்தவன் பாவுக்கு ஆள் அனுப்பினால்தான் அடுத்தவன் நம் பாவுக்கு வருவான், நம் வீட்டில் ஆள் குறைந்தால் நம் பாவு கடைசிக்குப் போய்விடும். அவள் மாமியார் காளியாத்தாளுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, இழை தெரிவதில்லை. அதனால் செல்லாயி போய் நின்றாள். தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டு, ஈரத்தில், கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பச்சை உடம்போடு நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை மயில்சாமி, அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே போகிறார்கள். உன் அம்மா எட்டுப் பெற்றவள், எட்டுக்கும் அப்படித்தான் போனாள்.

அன்று சாயந்திரமே குளிர் காய்ச்சல் கண்டிருக்கிறது. சுக்குத் தண்ணீர், வேப்பிலை, மந்திரிப்பு, எல்லாம் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆள் வந்து சொல்லி நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனபோது அவள் அம்மாவைப் பார்த்து, பொங்கல் வைக்க வந்தீங்களாம்மா என்று கேட்டாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்றார். போகி அன்று போய்விட்டாள். உன் அக்காவைப் பற்றி நான் உனக்கு எழுத வேண்டியதா, உன்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தார் சுற்றியவள். அம்மா பெற்ற எட்டில் ஐந்தைத் தவழும் வயதிலேயே தோட்டத்தில் புதைத்தோம், தங்கிய மூன்றில் அவள்தான் மூத்தவள், இவள் இனிமேல் நிற்பாள் என்று அவளுக்கு ஐந்து வயது ஆனபோது நான் கோயிலுக்குக் கிடா வெட்டினேன். நின்றது அவ்வளவுதான்.

இதுவரை எழுதியது நடந்து முடிந்தது. இனி எழுதுவதுதான் உன்னிடம் கேட்க வேண்டியது, பொறுமையாக வாசி, கண்ணாத்தாளுக்கும் வாசித்துக் காட்டு.

மோகனூரில் ஆற்றங்கரையில் காரியம் முடிந்து எருமப்பட்டிக்குத் திரும்பி எல்லோரும் இலையில் உட்கார்ந்து எழுந்தார்கள். வெற்றிலைத் தட்டம் வந்தது. தட்டத்தோடு பேச்சும் வந்தது. காளியாத்தாளே என் முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டாள். "அறுந்த எழைய அடுத்த எழையோட பிணைச்சாத்தானுங்க துணி. சின்ன அம்மிணிய அனுப்பி வையுங்க, உங்க பேரப்புள்ளைங்களுக்கு நல்லதுங்க." அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. கண் தெரியாத கிழவி, மடியில் தாயில்லாப் பிள்ளை, அடுத்த வீட்டுக்காரி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாள், மூலையில் தறி நிற்கிறது. தறி நின்றால் பாவு கொடுக்கிற முதலாளி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவான். அவர்கள் தெருவிலேயே பெண்சாதி செத்துத் துக்கம் கழிவதற்குள் கொழுந்தியாளைக் கட்டி வந்தவர்கள் உண்டு, நம் தெருவில் இல்லையா, உனக்குத் தெரியாததா. ஒரு தறிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டும், ஒருவர் போனால் இன்னொருவர் வேண்டும். குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்டு வாய் மூடுவதற்குள் இது எப்போது தார் சுற்றும் என்று கேட்கிற ஜனங்கள் நாம்.

உன் தங்கைக்குப் பதிமூன்று. போன வருஷம் சாரதா சட்டம் வருகிறது, பதினாலு நிறையாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் ஜெயில் என்று பேச்சு வந்ததும் நம் தெருவில் பங்குனி முழுக்கப் பந்தல் பிரிக்க நேரமில்லை, பல் விழுந்து முளைக்காததற்கெல்லாம் கட்டி வைத்தார்கள். அப்போது உன் அம்மா, மகன் பம்பாயில் இருக்கிறான், அவன் இல்லாமல் இந்த வீட்டில் கல்யாணம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததால் ஆத்தாயி தப்பினாள். அதே அம்மா இப்போது என்ன சொன்னாள் தெரியுமா. அங்கேயே என்னை உள்ளே கூப்பிட்டு, கொடுத்துவிடலாம் என்றாள். சட்டத்துக்குப் பயந்தால் குலதெய்வக் கோயிலில் நான்கு பேரை வைத்துக் கட்டிவிடலாம், யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்றாள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் என் மகள் பெற்றதுக்கு வயிறாரக் கஞ்சி ஊற்றுவாளா என்று கேட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே. ஒரு மகள் பிள்ளைகளைப் பார்ப்பதா, இன்னொரு மகளைப் பார்ப்பதா, அந்த நேரத்தில் என் வீட்டுக்காரி பைத்தியம் மாதிரிதான் இருந்தாள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆத்தாயி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் பேசுகிற இடத்துக்கு வராத பிள்ளை, அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டறனுங்க, தார் சுத்தறனுங்க, பாவடிக்கு வேணும்னாலும் போறனுங்க. மாமாவக் கட்டிக்கச் சொல்லி மட்டும் சொல்லாதீங்கப்பா. அவருகிட்ட நான் முட்டாயி கேட்டு அழுதிருக்கறன்." இவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. நான் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டேன்.

அங்கே மாப்பிள்ளை மருதாசலம் தனியாக உட்கார்ந்திருந்தான். மனைவி செத்ததிலிருந்து யாரோடும் நாலு வார்த்தை பேசாதவன், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "மாமா, ஆத்தாயி நான் தோள்ல தூக்கிட்டுத் தேர் காட்டுன புள்ளைங்க. எனக்கு அந்த நெனப்பே வாரதில்லைங்க. ஆனா தறி நின்னு போச்சுன்னா இந்த ஊட்டுல நாலு உசுரும் என்ன பண்ணும்னு நீங்களே சொல்லுங்க." அவனும் நல்லவன்தான். இந்தக் கதையில் கெட்டவன் ஒருத்தனாவது இருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது ஆகியிருக்கும், அந்த நிம்மதியும் இல்லை.

நான் திரும்பிப் போய்ச் சபையில் உட்கார்ந்தேன். என் வாய்க்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. "உங்களுக்கு வேணுங்கறது பொண்ணுங்களா, கையிங்களா? கையின்னா எங்க ரெண்டு பேருகிட்ட நாலு இருக்குது. நாங்க வாரோம்." யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு பெரிய மனுஷன் சிரித்தே விட்டான். பெண் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டில் குடியிருப்பதா, சம்பந்தி சோற்றுக்குக் கையேந்துவதா, மகன் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இது என்ன பேச்சு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உனக்குத்தான் தெரியுமே, பேத்தி பிறக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை, அதற்கப்புறமும் ஒரு ராத்திரி தங்கினதில்லை, போனால் பொழுதோடு திரும்பிவிடுவேன். அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர்கள் பேசியதெல்லாம் என் தலைக்கு மேலே போய்விட்டது. மருதாசலம் மட்டும் வந்து என் காலைத் தொட்டான்.

வண்டியில் திரும்பி வரும்போது அம்மா என்னோடு பேசவில்லை. தெருவில் தலைகாட்ட முடியாதபடி பண்ணிவிட்டேன் என்று கோபம். வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளாகவே, "பேரனப் பாக்கறதுக்குன்னா நான் மாட்டுக் கொட்டாயில வேணும்னாலும் படுத்துக்குவேன்" என்றாள். மறுநாளிலிருந்து சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள், முதலில் கட்டியது உன் தொட்டில் சேலை. எருமப்பட்டியில் இரண்டாவது தறிக்குக் கால் விட்டு உட்காரக் குழி வெட்டியாயிற்று, நம் தறியைக் கழற்றிக் கொண்டுபோகிறோம். இங்கே இருக்கிற குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்றேன், மூடக்கூடாது என்கிறாள். மகன் வந்தால் எதில் உட்காருவான் என்கிறாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஆத்தாயியை அங்கே கூட்டிப்போக முடியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ஆறு மாதத்தில் ஊரே சேர்ந்து தாலி கட்டி வைத்துவிடும், யாரும் வில்லங்கமாகச் செய்ய மாட்டார்கள், நல்லதுக்குத்தான் செய்வார்கள். இவளும் அக்கா பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, சரி என்று தலையாட்டிவிடுவாள், இவள் குணம் எனக்குத் தெரியும். இங்கே தனியாக விட்டுப் போகவும் முடியாது. அதனால் உன்னிடம் அனுப்புகிறேன். உன் மில்லில் வேலை பார்க்கிற மேலத்தெரு சின்னுசாமி பொங்கலுக்கு வந்தவன் இந்த மாதக் கடைசியில் பெண்சாதியோடு பம்பாய்க்குத் திரும்புகிறான், அவர்களோடு சேலத்தில் ரயிலேற்றிவிடுவேன். நல்ல தம்பதி, நம்பலாம். அவள் ரயிலையே பார்த்ததில்லை, நீ ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போய் நில், கூட்டத்தில் உன்னைத் தேடி அவள் முழிக்கக்கூடாது. பச்சைப் பாவாடை, செல்லாயி நெய்து கொடுத்த தாவணி, அதுதான் அடையாளம். இப்போதே கட்டிக்கொண்டு திரிகிறாள்.

அவளை என்ன செய்வது என்று கேட்பாய். ஒன்றும் செய்யாதே. மில்லுக்கு அனுப்பாதே. பக்கத்தில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இருந்தால் சேர்த்துவிடு, உன்னைவிட அவளுக்கு எழுத்து நன்றாக வருகிறது, இந்தக் கடிதத்தைக்கூட அவளை விட்டுத்தான் எழுதச் சொல்லியிருப்பேன், அவளைப் பற்றியது என்பதால் நானே எழுதுகிறேன். அவள் வயது வந்து, அவளாகவே வாயைத் திறந்து சரி என்று சொல்லுகிற வரைக்கும் எந்த ஊர்க்காரன் தட்டம் தூக்கி வந்தாலும் பேச்சை எடுக்க விடாதே. அங்கேயும் நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கேயும் கேட்பார்கள். மருதாசலத்துக்கு வருஷம் திரும்பட்டும், வயதுக்குத் தக்க பெண்ணாக, பிள்ளையில்லாத விதவையாக இருந்தாலும் சரி, நானே முன்னால் நின்று கட்டி வைப்பேன். அந்த விதவைப் பேச்சுக்கும் நம் ஜனம் சண்டைக்கு வரும், வரட்டும். நீ இங்கே இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று உன் அம்மா ஒரு தடவை சொன்னாள். நான் அப்படி எழுதமாட்டேன். எழுதமாட்டேன் என்று எழுதினாலே எழுதிய மாதிரிதான், விடு, மனதில் வைத்துக்கொள்ளாதே.

நேற்றுக் குடிக்கணக்கு எடுக்கிற வாத்தியார் வந்தார். போன மாதமே நம் கதவில் தாரால் நம்பர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், சர்க்கார் நாடு முழுக்க ஒரே நாளில் தலை எண்ணப்போகிறதாம். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். உன் அம்மா உள்ளேயிருந்து, ஐந்து பேர் என்று சொன்னாள். செல்லாயி கல்யாணமாகிப் போய் ஆறு வருஷம் ஆயிற்று, நீயும் இங்கே இல்லை, அவள் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டாள். நான் வாத்தியாரிடம், நீங்கள் எண்ணுகிற தேதியில் இங்கே ஒருவரும் இருக்கமாட்டோம் என்றேன். அன்றைக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கே எண்ணுவார்கள், இதைக் காலி வீடு என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். அவர் வேலையை அவர் செய்தார். போனபிறகு நான் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என் அப்பன் கட்டிய வீடு.

கண்ணாத்தாளுக்கு இது எத்தனையாவது மாதம் என்று அம்மா கேட்கிறாள், எழுது. பிரசவம் ஆனால் ஒரு மாதம், முழுதாக ஒரு மாதம், அவளைத் தரையில் கால் வைக்க விடாதே. அவளுக்கு மில்லில் சம்பளம் பிடிப்பார்கள், சீட்டைக் கிழிப்பார்கள் என்று நீ பயந்தாலும் சரி, வேலைக்குப் போக அவள் துடித்தாலும் சரி, அனுப்பாதே. பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே. பூண்டு, பெருங்காயம், கருப்பட்டி எல்லாம் அம்மா மூட்டை கட்டி ஆத்தாயியிடம் கொடுத்துவிடுகிறாள். ஆத்தாயி சோறாக்குவாள், குழந்தையைப் பார்ப்பாள், உனக்கும் வீட்டில் ஒரு கை கூடுதலாக இருக்கும்.

மேலே எழுதியதை இப்போது வாசித்துப் பார்த்தேன். கை என்று நானும் எழுதியிருக்கிறேன், பார். அதை அடித்துவிட்டேன், அடித்தது தெரிந்தால் தெரியட்டும். அவள் கை இல்லை மயில்சாமி, அவள் உன் தங்கை. விளையாடுகிற வயது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அஞ்சாங்கல் ஆடுகிற கூழாங்கல் ஐந்தையும் முடிந்து வைத்திருக்கிறாள், ஆடட்டும், அதட்டாதே. எங்களுக்குப் பெண்பிள்ளை என்று மிஞ்சியது அவள் ஒருத்திதான், அவளை இனி எப்போது பார்ப்போமோ தெரியாது.

உனக்கும் கண்ணாத்தாளுக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எந்த நாளும் உண்டு, நூறு வயது இருங்கள். ஆத்தாயி வந்து சேர்ந்ததும் அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல்லி அன்றைக்கே தபாலில் போடு. இந்த வீட்டு விலாசத்துக்குப் போடாதே, வாங்க ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா பெரியசாமி,
அம்மா சென்னியம்மாள்.

இனி எங்கள் விலாசம்:
மருமகன் மருதாசலம் வீடு,
பாவடி ஓரம், எருமப்பட்டி.